நான் சொல்லிக்கொடுத்த முடிச்சு

எனக்கு எழுபத்து மூன்று வயது ஆகிறது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. என் தங்கை போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் சோற்றில்தான் வளர்ந்தன. ஐந்தில் ஒன்றுகூட அடுத்தவர் வாசலில் போய் நின்றதில்லை. முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரி ஆயாவாக வேலை பார்த்து வளர்த்தேன். அந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. ஆண்கள் வார்டு இருந்த இடத்தில் பந்தி போடுகிறார்கள். எனக்குப் பத்திரிகை வந்தாலும் நான் போவதில்லை.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி கிருபா எழுதுகிறாள். மதுரையில் நர்சாக இருக்கிறாள். "என் பேச்சைப் புத்தகத்தில் வருகிற மாதிரி எழுது, அன்றைக்கு அவரவர் பேசியதை மட்டும் பேசினபடியே விடு" என்று சொல்லியிருக்கிறேன். அவள்தான் இதற்கு ஆரம்பமும்.

போன மாதம் லீவில் வந்தவள், சாப்பிடும்போது வார்டுக் கதை பேசிக்கொண்டிருந்தாள். வலிப்பு நோயாளிக்கு என்று தனியாக ஒரு தாள் இருக்கிறதாம்.

"எந்தக் கை மொதல்ல ஆடுச்சு, கண்ணு எந்தப் பக்கம் போச்சு, எத்தன நிமிசம், அதுக்கப்பறம் ஆளு எப்பிடி இருந்தாரு, எல்லாம் அதுல எழுதணும் அம்மாச்சி. யாரு பாத்தாலும் எழுதுவோம். கூட்டிப் பெருக்குற அக்கா பாத்தாக்கூட அவுககிட்டக் கேட்டு எழுதுவோம்."

பாதிச் சோற்றை அப்படியே வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். "என்ன அம்மாச்சி, காரமா?" என்றாள். "ஆமா, காரந்தான்" என்றேன்.

காரம் இல்லை. அது என்னவென்றுதான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் வீட்டுக்காரர் நெஞ்சு நோயில் போனபோது கடைசிப் பையனுக்குப் பால் மறக்கவில்லை. சர்ச்சில் ஒருவர் சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். முதல் இரண்டு வருடம் மலச்சட்டி, பினாயில், துணி அலசுவது. அப்புறம் படுக்கை விரிப்பது, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, பிணத்துக்குத் தாடை கட்டுவது. இவ்வளவும் பழகியபின் ஆண்கள் வார்டில் போட்டார்கள். ஆயாக்களில் ஆண்கள் வார்டுக்குத் தைரியமாகப் போனது நான்தான். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

எங்களுக்கு மேலே மேட்ரன் அம்மா. மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து. சத்தம் போட்டுத் திட்டியதே இல்லை. விரலால் கட்டில் சட்டத்தைத் தடவி, அந்த விரலை நம் முகத்துக்கு நேரே காட்டுவார். அதற்கே நமக்கு வியர்த்துவிடும். நோயாளி செத்தால் கண்ணைத் துடைத்துக்கொள்வார், அடுத்த நிமிடம் விரிப்பு மாற்றச் சொல்வார். ஆயாக்களிடம் பேசும்போது மட்டும் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். நமக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி பேசுவார்.

மேஜை மேல் ஒரு நீள நோட்டு இருக்கும். ரிப்போர்ட் புத்தகம் என்பார்கள். ஒரு டூட்டியிலிருந்து அடுத்த டூட்டிக்கு, எந்தக் கட்டிலுக்கு என்ன நடந்தது என்று அதில் எழுதி வைக்க வேண்டும். டாக்டர் வாரத்தில் மூன்று நாள் காலையில் வருவார். நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் புத்தகத்தைத்தான் பார்ப்பார். அதில் எழுதுவது மேட்ரன் அம்மாவும் நர்சுகளும் மட்டும். ஆயா அந்த மேஜையைத் துடைக்கலாம், புத்தகத்தைத் தூக்கித் தூசி தட்டலாம். நாங்கள் பார்த்தது எதுவும் அதற்குள் போகாது.

ஆண்கள் வார்டில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு முடிச்சு. முரண்டு பிடிக்கிற நோயாளியைக் கட்டிலோடு கட்ட வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மணிக்கட்டைச் சுற்றி முதலில் பஞ்சு வைக்க வேண்டும். பேண்டேஜ் துணியை இரண்டு வளையமாகச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்றை மாற்றிப் போட்டு, கையை உள்ளே விட வேண்டும். துணிக்கும் கைக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். நுனியை மேலே கட்டக் கூடாது. கட்டிலின் அடிச் சட்டத்தில், அவன் கை எட்டாத இடத்தில் கட்ட வேண்டும். இழுத்தால் இறுகாது, ரத்த ஓட்டம் நிற்காது. ஆனால் எமனே வந்து உதறினாலும் அவிழாது. புதிதாக வரும் நர்சுகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க மேட்ரன் அம்மா என்னைத்தான் நிறுத்துவார். "ஞானம், போட்டுக் காட்டு" என்பார். படித்த பிள்ளைகள் ஆறு பேர் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் மெதுவாகப் போட்டுக் காட்டுவேன்.

தங்கராசு வந்தது நான் ரிட்டயர் ஆவதற்கு ஏழெட்டு வருடம் முன்னால். பாளையம்பட்டியில் மளிகைக் கடை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். தங்கராசு தம்பி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நல்ல நிறம், பேச்சில் அவ்வளவு பணிவு. மலச்சட்டி எடுக்க வந்த என்னிடம் "மன்னிச்சுக்கங்கக்கா" என்று சொன்ன நோயாளி என் முப்பத்து நான்கு வருடத்தில் அவர் ஒருவர்தான். கூடவே அவர் பெண்சாதி செல்வராணி. கல்யாணமாகி இரண்டு வருடம். ஒரே நாளில் நான்கு தடவை நினைவு தப்பியதால் கூட்டி வந்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலும் அது வந்தது. நான் பார்த்தேன். மத்தியானம் ஒரு மணி. மேட்ரன் அம்மா சாப்பிடப் போயிருந்தார், நர்சு மருந்து அறையில் இருந்தாள். தங்கராசு பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். கண் எங்கேயோ குத்திட்டு நின்றது. வாயில் ஒன்றும் இல்லாமலே சப்புக்கொட்டி மென்றார். இடது கை விறைத்து ஒரு பக்கமாக வளைந்தது. வலது கை சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தது, கழற்றுவது மாதிரி, கழற்றாமல். நுரை தள்ளவில்லை, கை கால் வெட்டி இழுக்கவில்லை. கொஞ்ச நேரம்தான். அப்புறம் எழுந்து கட்டிலைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். விரிப்பை உருவினார். அடுத்த கட்டில்காரரின் செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

நான் என் வேலையைச் செய்தேன். பின்னாலிருந்து இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தேன். அதுவரை பூனை மாதிரி இருந்தவர் திமிறினார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, இருவருமாக அமுக்கி, கட்டிலில் போட்டு என் முடிச்சைப் போட்டேன். இரண்டாவது கையைக் கட்டும்போது என் முன்கையைக் கடித்துவிட்டார். சதை கிழிந்து ரத்தம் கொட்டியது.

மேட்ரன் அம்மா வந்து பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினார். நர்சு அதைப் படித்துச் சொன்னாள்: "நோயாளி வயலன்ட். ஆயாவைக் கடித்தார்." முப்பத்து நான்கு வருடத்தில் அந்தப் புத்தகத்தில் நான் வந்தது அந்த ஒரு தடவைதான். ஊசி போட்டு அடுத்த ஒரு நாள் லீவு தந்தார்கள். நான் தெருவில் எல்லோரிடமும் கையை நீட்டிக் காட்டினேன். "எப்பேர்ப்பட்ட ஆள நான் ஒத்தையில கட்டுனேன் தெரியுமா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கடி அவருடைய சீட்டில் என்ன எழுத்தாக விழும் என்று எனக்கு அப்போது தெரியாது.

டாக்டர் அடுத்த நாள் வந்து புத்தகத்தைப் படித்தார். பொத்தானைத் தடவியது அதில் இல்லை. மென்றது இல்லை. நான் பிடித்த பிறகுதான் அவர் திமிறினார் என்பதும் இல்லை. வயலன்ட் என்று இருந்தது. அதனால் வலிப்பு மாத்திரை பெயருக்கு ஒன்று, கிறுக்குக்கு ஊசி என்று வைத்தியம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

அதற்கு அடுத்த நாள் தங்கராசு தெளிவாக எழுந்து பல் விளக்கி, இட்லி சாப்பிட்டு, என் கைக்கட்டைப் பார்த்து, "யாருக்கா இப்பிடிக் கடிச்சது?" என்று கேட்டார். நான் தட்டை எடுத்துக் கழுவப் போனேன். நல்லாகிவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளே தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, தெய்வம் தன்னோடு பேசுகிறது, ஊருக்கே வாக்குச் சொல்லப் போகிறேன் என்று நடுரோட்டில் நின்றிருக்கிறார். லோடு ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஐந்து நாள் அப்படியே இருந்து, ஆறாம் நாள் தலைவலிக்கிறது என்று சொல்லி, பழைய ஆளாக எழுந்தார். நடந்தது எதுவும் நினைவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து இரண்டாம் தடவை. அதே மாதிரி. மத்தியானத்தில் மூன்று நான்கு தடவை மெல்லுவது, பொத்தானைத் தடவுவது. அப்புறம் ஒரு நல்ல நாள். அந்த நல்ல நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்த நாள் கிறுக்கு. நான் நோட்டில் எழுதவில்லை, எனக்கு எழுதத் தெரியாது. ஆனால் ஐந்து பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்தவள். எந்தக் காய்ச்சல் இறங்கி ஏறும் என்று எனக்குத் தெரியும். அந்த நல்ல நாள் பொய் நாள். எனக்கு அது பிடிபட்டுவிட்டது. இன்னொன்றும் பிடிபட்டது. வலிப்பு விட்டு அவர் நடக்கும்போது, பிடிக்காமல், கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் நின்றால் கால் மணி நேரத்தில் தானாக வந்து படுத்துக்கொள்வார். நான் ஒரு தடவை அப்படிச் செய்து பார்த்தேன். அவர் ஒருவரையும் தொடவில்லை. மேட்ரன் அம்மா வந்துவிட்டார். "ஏன் கட்டல?" என்றார். கட்டினேன்.

அந்த இரண்டாம் தடவைதான் அவருடைய அண்ணன் என்னிடம் வந்தார். கனத்த ஆள், வெள்ளை வேட்டி, எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நான் தம்பியின் கையைக் கட்டுவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆயாம்மா, எங்க லோடுமேன் நாலு பேரு சேந்து கட்டுனானுக. அரை மணி நேரத்துல உருவிட்டான் என் தம்பி. நீங்க ஒத்தப் பொம்பள கட்டுனது நிக்கிதே. என்ன மாயம்?"

"மாயமும் இல்ல மந்திரமும் இல்ல அண்ணாச்சி. போடுற வெதத்துல போடணும்."

"எனக்குச் சொல்லிக் குடுங்களேன். வீட்டுல வச்சுச் சமாளிக்கணும்ல. கையும் வலிக்கக் கூடாது, பாருங்க. கூடப் பொறந்தவன்."

நான் அவருடைய மணிக்கட்டிலேயே போட்டுக் காட்டினேன். இரண்டு வளையம், மாற்றிப் போடுவது, இரண்டு விரல் இடைவெளி, நுனி எட்டாத இடத்தில். அவர் சாக்குக் கட்டிப் பழகிய கை. ஒரு தடவையில் பிடித்துக்கொண்டார். திருப்பி என் கையில் போட்டுக் காட்டினார். சரியாக இருந்தது. "கெட்டிக்காரரு அண்ணாச்சி நீங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு.

மூன்றாம் தடவை வந்தபோது திங்கட்கிழமை நல்ல நாள் வந்தது. மேட்ரன் அம்மா டிஸ்சார்ஜ் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது என்பது அண்ணாச்சி வீட்டு வழக்கம். அதனால் அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்று அவசரப்படுத்தினார். நான் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, இன்னைக்கு அனுப்ப வேணாம். நாளைக்கு வரும்மா. ரெண்டு தடவயும் இப்பிடித்தான். மத்தியானத்துல வாய மென்னுக்கிட்டு, பொத்தானத் தடவிக்கிட்டு நிக்கிறாருல்ல, அது வலிப்புதாம்மா. அது வந்துட்டு, ஒரு நா நல்லா இருந்துட்டு, அப்பறந்தான் கிறுக்கு வருது. டாக்டர்கிட்ட ஒரு வார்த்த..."

மேட்ரன் அம்மா பேனாவை வைக்கவில்லை. எனக்குப் பின்னால் யாரையோ பார்த்தபடி சொன்னார்: "ஞானம், ஏழாம் நம்பர் கட்டில்ல விரிப்பு நனஞ்சிருக்கு."

"அம்மா, இத அந்தப் புத்தகத்துலயாவது எழுதிருங்கம்மா."

"பொத்தானத் தடவுனாருன்னு எழுதவா? டாக்டர் சிரிப்பாரு. போ."

நான் போய் விரிப்பை மாற்றினேன். அவரைக் குறை சொல்லி என்ன. நான் டாக்டரின் காருக்கு முன்னால் போய் நின்றிருக்கலாம். அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கலாம். செல்வராணி பையை எடுத்துக்கொண்டு "வாரேன் ஞானக்கா" என்றபோது அவளிடமாவது சொல்லியிருக்கலாம். மேட்ரன் அம்மா என்னை மதிக்கவில்லை என்கிற கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சேலையை உதறுகிற மாதிரி நின்றேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறந்ததும் தங்கராசு அரிசி மூட்டையைப் பிரித்துத் தெருவில் கொட்டியிருக்கிறார். பருப்பு, சர்க்கரை, எண்ணெய் டின் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. எல்லாம் தெய்வத்தின் சொத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டிருக்கிறார். ஒருவரையும் அடிக்கவில்லை. அண்ணாச்சி பின்னாலிருந்து இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்திருக்கிறார். எங்கே பார்த்துப் பழகியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திமிறியதில் கைக்கு எட்டியது இரண்டு கிலோ எடைக்கல். விலக்கிவிட ஓடிவந்த செல்வராணியின் இடது காதோரம் அது விழுந்தது. அந்தக் காது இன்றைக்கும் கேட்காது.

அதற்குப் பிறகு அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த குடோனில் வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எட்டு மாதம். பெற்றவர்கள் வீட்டுக்குப் போயிருந்த செல்வராணி திரும்பி வந்து அவரைப் பார்த்துவிட்டு, நேரே என் வீட்டுக்கு வந்தாள். நடையில் உட்கார்ந்து அழுதாள்.

"அக்கா, அவுக கிறுக்கு இல்லக்கா. பத்து நா நல்லா இருக்காக. எம்பேரச் சொல்லிக் கூப்புடுறாக. அண்ணாச்சி அவுத்துவிட மாட்டேங்காரு. ஆசுபத்திரியிலயே கட்டித்தான போட்டாக, நாங்க என்ன புதுசாவா செய்யறோம்னு கேக்காரு. கட்டு மட்டும் வலிக்காத கட்டாம். அப்பிடிச் சொல்லுதாரு."

வலிக்காத கட்டு யார் சொல்லிக்கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மற்றதைச் சொன்னேன். பொத்தானைச் சொன்னேன், மெல்லுவதைச் சொன்னேன், நல்ல நாளைச் சொன்னேன். "மதுரைக்குக் கூட்டிட்டுப் போ. டாக்டர் சொல்லவிடாட்டியும் நீ சொல்லாம எந்திரிக்காத" என்றேன். அவளுக்கு மனப்பாடம் ஆகும் வரை திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தேன்.

அவள் தன் தம்பிமாரைக் கூட்டிவந்து, அண்ணாச்சியோடு சண்டை போட்டு அவிழ்த்துக்கொண்டு போனாள். மதுரையில் டாக்டர் அவள் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டாராம். எழுதிக்கொண்டார் என்று அவள் சொன்னதை நான் மூன்று தடவை கேட்டேன். தலையை ஸ்கேன் எடுத்ததில் வலது பக்கக் காதுக்கு உள்ளே, மூளையில், கொண்டைக்கடலை அளவு ஒரு கட்டி. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கும் என்றார்களாம். வலிப்பும் அதனால்தான், வலிப்புக்குப் பின்னால் வந்த கிறுக்கும் அதனால்தான். எங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை டாக்டர் புரட்டிப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி: வயலன்ட், பிறகு அமைதி, வீட்டுக்கு அனுப்பப்பட்டார். "இத ஒங்களுக்கு யாரும்மா சொன்னது?" என்று கேட்டாராம். "எங்க ஞானக்கா, அங்க ஆயா" என்றாளாம். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டாராம்.

ஆபரேஷன் செய்தார்கள். வலிப்பு நின்றது. கிறுக்கும் நின்றது. ஆனால் அவர் பழைய தங்கராசு ஆகவில்லை. பெண்சாதியின் காதைப் பார்த்துப் பார்த்துப் பேச்சைக் குறைத்துவிட்டார். ஒரு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். அதற்கும் மாத்திரை இருக்கிறதாம், சாப்பிடுகிறார். கடையில் பங்கு இல்லை என்று அண்ணாச்சி முடித்துவிட்டார். தெருவில் கொட்டிய கையில் யார் கல்லாவைக் கொடுப்பார்கள்? செல்வராணி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சின்னதாகப் பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். அவர் உள்ளே உட்கார்ந்து பொட்டலம் மடித்துக் கொடுக்கிறார். பொத்தான் வைத்த சட்டை போடுவதில்லை. பனியன்தான்.

இத்தனை வருடமாக மாதம் ஒரு தடவை செல்வராணி என்னைப் பார்க்க வருகிறாள். கருப்பட்டியோ சேவோ வாங்கி வருவாள். "ஒங்க ஒருத்தருக்குத்தான் அக்கா கண்ணு இருந்துச்சு" என்று தெருவே கேட்கிற மாதிரி சொல்வாள். ஒரு காது கேட்காததால் அவள் பேச்சு எப்போதும் சத்தம்தான். நான் அந்தக் கருப்பட்டியை வாங்கிக்கொள்வேன். பெருமையாகவும் இருக்கும். அவள் போன பிறகு அதை வாயில் வைக்க முடியாது. தங்கராசுவின் இரண்டு மணிக்கட்டிலும் தோல் கறுத்துப் போன தடம் இன்னும் இருக்கிறது. வலிக்காத கட்டுதான். எட்டு மாதம் போட்டால் அதுவும் தடம் விடும்.

மேட்ரன் அம்மா இறந்துவிட்டார். அண்ணாச்சி என்னைப் பஸ்ஸில் பார்த்தால் இடம் கொடுத்து உட்கார வைக்கிறார். புத்தகத்தில் எழுதாதவர்களை நான் இத்தனை வருடம் திட்டிவிட்டேன். எழுதாதது அவர்கள் செய்தது. முடிச்சு நான் செய்தது. என் அகங்காரத்துக்கு, ஒரு பெரிய மனுஷன் என் கையைப் பார்த்து மெச்சியது போதுமாக இருந்தது.

கிருபா, எழுதிவிட்டாயா? நாளைக்குச் செல்வராணி வருவாள். அவளுக்கு வலது பக்கமாக உட்கார்ந்து இதைப் படித்துக் காட்ட வேண்டும், நீதான். என்னால் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் இப்போது எனக்கு ஒரு தடவை படி. பொத்தானிலிருந்து ஆரம்பி, அது எழுத்தில் ஏறியிருக்கிறதா என்று என் காதால் கேட்க வேண்டும். அண்ணாச்சியின் கையில் நான் முடிச்சுப் போட்டுக் காட்டுகிற இடம் வரும்போது நிறுத்தி என் முகத்தைப் பார்க்காதே. நாளைக்கும் அந்த இடத்தில் நிறுத்தாதே. படி.